ரோமாபுரியா, லூர்தா, மூன்றாம் ஓலையா

1

ரோமாபுரிக்குப் போனால் செலவு குறைவா, லூர்துக்குப் போனால் செலவு குறைவா என்று மதுரைப் பக்கத்திலிருந்து எனக்குக் கடிதம் போடுகிறார்கள். ஜெர்மனியில் இருக்கிற நம்ம ஆள் என்று யாரோ என் விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத எனக்கு நேரம் கிடையாது. ஆஸ்பத்திரி வேலை, வீட்டு வேலை, ஒரு பெண் பிள்ளை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன்.

லூர்து. லூர்துதான் மலிவு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன குளிர்காலம் முழுவதும் நான் இந்த இரண்டு ஊர்களைப் பற்றியும் விசாரித்தேன். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். என் தாய்மாமனுக்கும் அவர் மனைவிக்கும் எந்த ஊர் அதிகமாக வலிக்கும் என்று பார்ப்பதற்காக விசாரித்தேன். அந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன். மன்னிப்பைப் பற்றி ஏதாவது வரும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். வேதக்காரர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், உபதேசியார் எழுந்து நின்று இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று வாசிப்பார். தடை ஏதாவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்பார். மூன்று ஓலையும் விழுந்தால்தான் தாலி.

என் பெயர் அமலோற்பவம். லூர்து மாதாவுக்கு நேர்ந்து அம்மா வைத்த பெயர். அப்பா பெயர் சூசை. மில்லில் வேலை பார்த்தார், நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். அம்மா சவரியம்மாள், மிஷன் ஹாஸ்டலில் சமையல். அதே வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் அண்ணன் ஞானப்பிரகாசம் ஹெட்மாஸ்டர். அவருடைய மகன் லூயிசுக்குத்தான் என்னைக் கொடுப்பது என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

பத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரிகள் என்னை ஜெர்மனிக்கு நர்சிங் படிக்க அனுப்பினார்கள். படிப்பை முடித்து, எழுபதுகளின் நடுவில், கல்யாணத்துக்காக லீவில் வந்தேன். முறை மாப்பிள்ளை நெருங்கின ரத்த உறவு என்பதால் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதையும் மாமாவே வாங்கினார். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். "காலஞ்சென்ற சூசைக்கும் சவரியம்மாளுக்கும் பிறந்த மகள் அமலோற்பவம்" என்று உபதேசியார் சொன்னபோது என் காது சுட்டது இப்போதும் தெரிகிறது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார். பிறகு தாளை மடித்தார். உட்கார்ந்துவிட்டார். கோயில் முழுக்கத் தலை திரும்பியது.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா ஓடிப்போய் அத்தையைப் பிடித்தாள். அத்தையின் பெயர் ரெஜினா.

"என்ன மதினி, எங்க பேரு வரலையே? விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல சவரி. நாங்கதான் நேத்து சாமியாரப் பாத்து நிறுத்தச் சொன்னோம்."

"ஏன் மதினி? என்ன கொறை?"

"வெள்ளக்காரனுக்குப் பீத்துணி அலசுற கை அது. அந்தக் கையால எம் மகன் சோறு வாங்கித் திங்கணுமா?"

சத்தமாகத்தான் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கேட்கட்டும் என்று சொன்னாள். மாமா பக்கத்தில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே லூயிசுக்கு ஒரு பஸ் முதலாளி மகளைக் கட்டினார்கள். கப்பலூரில் பட்டறை வைத்துக் கொடுத்தார் மாமனார்.

எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. ரெண்டு ஓலைக்காரி. பரவை மார்க்கெட்டில் காய் வாங்கப் போனால்கூட அம்மாவைப் பார்த்து, "ரெண்டு ஓலைக்காரி அம்மா வருது" என்பார்களாம். அம்மா அந்தத் திங்கட்கிழமையும் ஹாஸ்டலுக்குப் போனாள். அண்ணன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உப்புமா கிண்டினாள். வேறு என்ன செய்வாள்? வீட்டு வாடகை யார் கொடுப்பது?

நான் ஜெர்மனிக்குத் திரும்பி வந்து சில வருடம் கழித்து ஹான்ஸைக் கட்டிக்கொண்டேன். டவுன் பஸ் ஓட்டுகிறார். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். இங்கே கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரு தாளில் அடித்து, நகராட்சி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைத்தார்கள். மழைக்கு ஒதுங்கின ஒரு கிழவர் தவிர யாரும் அதை நின்று படித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்கும் எனக்கு அந்த மூன்றாவது ஞாயிறுதான் ஞாபகம் வந்தது.

3

போன வருடம் நவம்பரில் டிரங்க் கால் வந்தது. பன்னிரண்டு வருடமாக எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அனுப்பாத மாமா பேசினார்.

"அமலி! நல்லாருக்கியாம்மா? கேக்குதா? ஹலோ!"

"கேக்குது. சொல்லுங்க."

"அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போறேன். அதுக்கு முன்னால ஒரு தடவ பாப்பரசரப் பாத்துரணும்னு ஆசை. உங்க அத்தை லூர்துக்குப் போகணும்ங்குறா. முட்டி வலி அவளுக்கு, மாடிப்படி ஏற முடியல. ரெண்டு ஊருக்கும் நமக்குக் கட்டுபடியாகாது. உன் வீட்ல தங்கிக்கிட்டு, ஒரு ஊருக்குப் போய்ட்டு வந்துர்றோம். எது மலிவுன்னு நீயே விசாரிச்சுச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா விடாமல் அடுத்ததைச் சொன்னார்.

"சவரியையும் கூட்டிட்டு வாரோம். அவ தனியா பிளேன் ஏறுவாளா? பாஷை தெரியாது, ஒண்ணு தெரியாது. நாங்க வந்தாத்தான் அவ வர முடியும்."

தூண்டில் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. அம்மா என் வீட்டைப் பார்த்ததில்லை. என் பிள்ளையை மடியில் வைத்ததில்லை. ஊருக்கு வர எனக்குக் காலே எழவில்லை. அம்மாவுக்கு டிக்கெட் வாங்கி அனுப்புகிறேன் என்று எத்தனை முறை சொல்லியும், தனியாக வரப் பயந்துகொண்டு மறுத்துவிட்டாள்.

"வாங்க மாமா," என்றேன். "விசாரிச்சு வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு ஹான்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பழைய கதை தெரியும். "நீ ஏன் சிரிக்கிறாய்? எனக்குப் பயமாக இருக்கிறது," என்றார்.

4

வெளிநாட்டவர் ஆபீசில் முதல் வேலை. வருகிறவர்களுடைய செலவுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிற அம்மாள் எந்த வெளிநாட்டவரைப் பார்த்தாலும் பல் வலி வந்தவள் மாதிரிதான் இருப்பாள்.

"ஞானப்...", நாக்கு அதற்கு மேல் போகவில்லை. "இந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு?"

"தாய்மாமன்."

"அப்படியென்றால்?"

"அம்மாவின் அண்ணன். எங்கள் ஊரில் எல்லா விசேஷத்திலும் அவருக்குத்தான் முதல் மரியாதை."

"அப்பா, அம்மா, கணவன், பிள்ளை. இதில் அவர் யார்?"

"யாரும் இல்லை."

"அப்படியானால் மற்றவர்," என்று எழுதினாள். அத்தையையும் மற்றவர் என்றே எழுதினாள். அத்தனை வருடத்தில் அன்று ஒரு நாள்தான் எனக்கு அந்த ஆபீசின் மேல் மரியாதை வந்தது.

எதற்காக வருகிறார்கள் என்று கேட்டாள். திருத்தல யாத்திரை என்றேன்.

பிறகு இரண்டு ஊர்களையும் விசாரித்தேன். ரோமாபுரியில் எங்கள் கன்னியாஸ்திரிகளுக்கு ஒரு மடம் இருக்கிறது. அறை மலிவு. பாப்பரசரைப் பார்க்க அனுமதிச் சீட்டு இலவசம், சாமியாரிடம் கடிதம் வாங்கினால் போதும். ஆனால் ரயில் கட்டணத்தில் சலுகை கிடையாது, நாங்கள் நான்கு பேரும் முழு டிக்கெட் எடுக்க வேண்டும். மடத்தில் அறைகள் நான்காவது மாடியில், லிஃப்ட் இல்லை. ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குக் கல் பாவிய தெருவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தெருவில் ஒரு டம்ளர் காப்பிக்கு, உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை.

லூர்துக்கு எங்கள் மறைமாவட்டத்திலிருந்தே ஒரு யாத்திரை ரயில் போகிறது. தங்குமிடமும் சாப்பாடும் அதோடு சேர்த்தி. ரயிலில் நோயாளிகளுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியில் வேலை பார்க்கிற நர்சுக்குக் கட்டணம் கிடையாது. நோயாளிக்கு அரைக் கட்டணம். மாதா காட்சி கொடுத்த குகையான கெபி, குளிக்கும் தொட்டி, கோயில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். இதுதான் நான் முதலில் சொன்ன பதில். உங்களுக்கு நர்சு யாராவது உறவாக இருந்தால் இன்னும் மலிவு.

என் சிக்கல் வேறு. மாமாவுக்கு ரோமாபுரி வேண்டும். பாப்பரசர் ஆசீர்வதித்த பத்திரம் ஒன்றை வாங்கி, கண்ணாடி போட்டுப் பள்ளிக்கூட ஹாலில் மாட்டிவிட்டு ரிட்டயர் ஆக வேண்டும். லூர்துக்குப் போனால் அவருக்கு அது கிடைக்காது. ஆனால் அத்தை கேட்டது அவளுக்குக் கிடைத்துவிடும். ரோமாபுரி என்றால் நான்கு மாடி ஏறி அத்தை சாவாள், மாமா பத்திரத்தோடு திரும்புவார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு பேரில் ஒருவர் சந்தோஷப்பட்டுவிடுவார்.

ஓலையை நிறுத்தினது மாமா. பீத்துணி என்று சொன்னது அத்தை. இதில் யார் பெரிய பாவி என்று வார்டில் படுக்கை விரிக்கும்போதெல்லாம் யோசித்தேன். ஒரு நாள் யாத்திரை ரயிலுக்குப் பொறுப்பான சாமியார் விதிகளைச் சொன்னபோது எனக்கு வழி தெரிந்தது. அரைக் கட்டணம் வேண்டுமென்றால் அந்த ஆளை நோயாளி என்று பதிய வேண்டும். நோயாளிப் பெட்டியில், நோயாளி என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நர்சின் பொறுப்பில் வர வேண்டும். நர்சு நான்.

5

ஏப்ரலில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு, "எம்புட்டு மெலிஞ்சுட்ட," என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். பிறகு பக்கத்தில் நின்ற என் மகள் மார்த்தாவின் கையைப் பிடித்தவள் வீடு வரும் வரை விடவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை ஒன்றும் கிடையாது. அதைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்படவில்லை.

அத்தை கவலைப்பட்டாள். முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்தாள்.

"அருள் நிறைந்த மந்திரம் சொல்லு பாப்போம் கண்ணு."

மார்த்தா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஜெர்மனில் தெரியும். தமிழில் தண்ணி, சோறு, போதும் மூன்றும் தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது எனக்கே வாய் வராது. அது என் குறைதான். ஆனால் அதை ரெஜினா அத்தை சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

"ஆத்தாவுக்குப் பேரு மாதாவோட பேரு, பெத்த பிள்ளைக்கு மந்திரம் தெரியல. என்ன சவரி, பேத்திய இப்படியா விடுறது?"

அம்மா எப்போதுமே பதில் சொன்னதில்லை.

சாப்பாட்டு மேஜையில் இன்னொன்று நடந்தது. நான் சோறு வைத்துக் குழம்பு ஊற்ற வந்தேன். அத்தை தட்டை நகர்த்தி அம்மா பக்கம் வைத்தாள்.

"சவரி, நீயே போடு. உங் கை பழகின கை."

எல்லாம் புரிந்தது. பன்னிரண்டு வருடம் ஆகியும், என் வீட்டில், என் சம்பளத்தில் வாங்கின அரிசியில், என் கை அவளுக்கு ஆகவில்லை. நான் கரண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். முடிவைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"லூர்துக்குப் பதிஞ்சாச்சு," என்றேன். "அதுதான் மலிவு."

மாமா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நான் ரோமாபுரின்னு சொல்லியிருந்தேனேம்மா. பள்ளிக்கூடத்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்."

"எது மலிவுன்னு விசாரிக்கச் சொன்னீங்க. விசாரிச்சேன்."

அத்தைக்கு முகம் மலர்ந்தது. அதற்காகத்தான் கொஞ்சம் விட்டு வைத்தேன்.

"அத்தைக்கு நோயாளிப் பெட்டியில எடம். நோயாளின்னு பதிஞ்சிருக்கேன். கழுத்துல அட்டை மாட்டணும்."

"நோயாளியா? முட்டி வலிதானடி எனக்கு! வியாதிக்காரியாட்டம் படுத்துக்கிட்டு வரணுமா நானு?"

"முழு டிக்கெட்னா கட்டுபடியாகாது அத்தை. மாமாதான் சொன்னாங்க."

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

"எந்த ஊர்னாலும் சரி," என்றாள் அம்மா. சாதம் தீர்ந்துவிட்டதா என்று பானையைப் பார்த்தாள்.

6

அந்த ரயிலில் நோயாளிப் பெட்டி மருத்துவமனை வார்டு மாதிரியே இருக்கும். இரண்டு பக்கமும் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் திரை. கை கால் விளங்காதவர்கள், புற்றுநோய்க்காரர்கள், தள்ளாத கிழவிகள். அவர்களுக்கு நடுவில் பட்டுச் சேலையும் கழுத்து அட்டையுமாக என் அத்தை. மாமாவும் அம்மாவும் நாலு பெட்டி தள்ளி, சாதாரணப் பெட்டியில்.

ரயிலில் அம்மா சமையல் கிடையாது. குளிர்ந்த இறைச்சியும் பாலாடை போட்ட சூப்பும்தான். அத்தை பசியில் இரண்டையும் நன்றாகச் சாப்பிட்டாள். பிரான்சுக்குள் நுழைந்து மத்தியானம் ஆனபோது அவள் திரைக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டது. போய்ப் பார்த்தேன். கக்கூஸ் இருந்தது பெட்டியின் அந்தக் கோடியில். ரயில் ஆடுகிற ஆட்டத்தில், அந்த முட்டியோடு, அவள் எழுந்து உட்காருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சேலை, படுக்கை, போர்வை எல்லாம்.

"சவரியக் கூப்பிடு," என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவ இந்தப் பெட்டியில விடமாட்டாங்க. இங்க நான்தான்."

முந்தானையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள்.

"என்ன செய்யணும், அத்தை?"

"பாத்தாத் தெரியலையா ஒனக்கு?"

"தெரியுது. நீங்க வாயால சொல்லுங்க."

நான் காத்திருந்தேன். திரைக்கு வெளியே ஒரு கிழவர் ஜெர்மனில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழுவி விடு, அமலி."

"எந்தக் கையால?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஞாபகம் இருந்தது. எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதோ என்று இத்தனை வருடம் ஒரு சந்தேகம் இருந்தது. அவளுக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது.

"ஒங் கையாலதான்," என்றாள்.

பிறகு நான் என் வேலையைச் செய்தேன். திரையை இழுத்துவிட்டு, தண்ணீரின் சூட்டைப் பார்த்து, மெல்லிய துணியால், ஒரு நோயாளிக்கு எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்தேன். வலிக்கிற முட்டிக்குக் கீழே தலையணை கொடுத்துத் தூக்கினேன். சேலையை அலசினேன். அதில் குறை வைத்தால் அது என் தொழிலுக்குக் கேவலம், அவளுக்கு அல்ல. கடைசியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன், அவள் பார்க்கும்படி. சமையல் பெட்டியில் வேகவைத்த அரிசி கொஞ்சம் வாங்கி, உப்புப் போட்டுக் கஞ்சியாகக் கரைத்து, ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிசைந்து எடுத்து நீட்டினேன்.

வாயைத் திறந்தாள். வாங்கித் தின்றாள்.

அதோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் விடவில்லை. சாயங்காலம் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, மாமாவும் அம்மாவும் பிளாட்பாரம் வழியாக அத்தையைப் பார்க்க வந்தார்கள். பெட்டி வாசலில் நின்றபடி நடந்ததை மாமாவிடம் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"எனக்கு ஒரு ஓலை பாக்கியிருக்கு மாமா."

"என்ன ஓலை?"

"மூணாவது ஓலை. ஊருக்குப் போனதும் ஒரு நன்றிப் பூசை வைக்கணும். உங்க ரெண்டு பேர் செலவுல, எம் பேர்ல. பூசை முடியிறப்ப உபதேசியார் எந்திரிச்சு வாசிக்கணும். காலஞ்சென்ற சூசைக்கும் சவரியம்மாளுக்கும் பிறந்த மகள் அமலோற்பவம், அத்தையையும் மாமாவையும் லூர்துக்கு அழைச்சிட்டுப் போய்ப் பராமரிச்சதுக்காகன்னு. அதே வார்த்தை, அன்னைக்கு வாசிச்ச மாதிரியே."

"அமலி, பழைய குப்பையக் கிளறாத."

"நீங்க கொட்டின குப்பை. நான் கிளறல, அள்ளச் சொல்றேன்."

"ஹெட்மாஸ்டரும்மா நான். ஊர்ல என்ன நினைப்பாங்க?"

"நீங்க வாசிக்கச் சொல்லலைன்னா நான் லீவு போட்டு வாரேன். ஞாயித்துக்கிழமை நடுக்கோயில்ல நின்னு, இந்த ரயில்ல மத்தியானம் என்ன நடந்துச்சுன்னு நானே வாசிக்கிறேன்."

நோயாளியின் விஷயத்தை நர்சு வெளியே சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். அது மாமாவுக்குத் தெரியாது. நானும் தெரிவிக்கவில்லை. இப்போது எழுதியிருக்கிறேனே என்றால், ஆமாம், எழுதியிருக்கிறேன். கோயிலில் வாசிக்க மாட்டேன் என்றுதான் பேச்சு. பத்திரிகையைப் பற்றிப் பேசவில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஆறு மணிப் பூசையில வாசிக்கச் சொல்றேன்."

காய்கறிக் கடைப் பேரம்! ஆறு மணிப் பூசைக்கு வருவது பத்துக் கிழவிகள்.

"எட்டு மணிப் பூசை. ஊரே வர்ற பூசை."

"அமலி..."

உள்ளேயிருந்து அத்தை கத்தினாள். "ஒத்துக்கங்களேன்! எட்டுன்னா எட்டு. ஒத்துக்கிட்டுத் தொலைங்க!"

அம்மா பிளாட்பாரத்தில் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். என்னையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. என் மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. விசில் ஊதினதும் மாமாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

7

லூர்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் பலர் இதைப் படிப்பீர்கள். மழை பெய்யும். குடை கொண்டு வாருங்கள். தண்ணீர் பிடிக்க பிளாஸ்டிக் கேன் அங்கே விலை அதிகம், ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். கெபிக்கு முன்னால் நின்று அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். நம்ம கோயிலில் சிமெண்டில் கட்டின கெபி இதைவிடப் பெருசாக இருக்கும்போல என்றாள். பிறகு முழங்காலில் நின்றவளை எழுப்ப முடியவில்லை. என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

அத்தையின் முட்டி சரியாகவில்லை. தொட்டியில் இறக்கி ஏற்றினோம், தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அங்கிருந்த மூன்று நாளும் என் கையால்தான் சாப்பிட்டாள். கடைத் தெருவில் பாப்பரசர் படம் போட்ட பீங்கான் தட்டு விற்றார்கள். மாமா ஒன்று வாங்கிப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டார். ரோமாபுரியில் வாங்கினேன் என்று ஊரில் சொல்லியிருப்பார். சொல்லிக்கொள்ளட்டும்.

அவர்கள் கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்தேன். கடிதம் எழுத வேண்டாம், பேசி அனுப்பு என்றேன். எந்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்று மார்த்தா பாட்டியின் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள்.

8

மே போனது, ஜூன் போனது. மாமாவிடமிருந்து சத்தமே இல்லை. அம்மா அனுப்பிய முதல் கேசட்டில் சாமியார் மாறிவிட்டார் என்று இருந்தது, அடுத்ததில் உபதேசியாருக்கு உடம்பு சரியில்லை என்று இருந்தது. மாமா சொல்லச் சொன்னாராம்.

நான் ஒரு போஸ்ட் கார்டு எடுத்தேன். கவர் இல்லாத கார்டு. லூர்து ரயில் படம் போட்டது. பள்ளிக்கூட விலாசம் எழுதினேன். பியூன் படிப்பான், கிளார்க் படிப்பான், ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் போவதற்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் படிக்கும். "அன்புள்ள மாமாவுக்கு, ரயிலில் அத்தைக்கு ஒரு மத்தியானம் வந்த கஷ்டம் இப்போது எப்படி இருக்கிறது? விவரமாக அடுத்த கார்டில் கேட்கிறேன்." அவ்வளவுதான் எழுதினேன்.

அடுத்த கார்டுக்குத் தேவை வரவில்லை. போன வாரம் அம்மாவின் கேசட் வந்தது. வேலையிலிருந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் மிஷினில் போட்டேன். மார்த்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதலில் சேலை உரசுகிற சத்தம். மிஷினை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருக்கிறாள் போலிருக்கிறது. பிறகு ஃபேன் சத்தம், இருமல், ஒரு குழந்தை அழுகை. எட்டு மணிப் பூசைக் கூட்டம். அதன் மேல் உபதேசியாரின் குரல். வயதாகிவிட்டது, ஆனால் அதே குரல், அதே இழுப்பு.

"காலஞ்சென்ற சூசைக்கும் சவரியம்மாளுக்கும் பிறந்த மகள் அமலோற்பவம்..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. காது சுட்டது.

"இவர் யார்? ஏன் உன் பெயரைச் சொல்கிறார்?" என்று மார்த்தா ஜெர்மனில் கேட்டாள். இரு என்று கையைக் காட்டினேன். டேப்பில் அம்மாவுக்குப் பின்வரிசையில் இருந்து ஒரு பொம்பளை கிசுகிசுப்பது கேட்டது.

"யாருடி இது? அந்த ரெண்டு ஓலைக்காரியா?"

சேலை உரசியது. அம்மா திரும்பியிருக்கிறாள். மிஷின் மடியிலேயே இருந்ததால் அவள் குரல் உபதேசியாரின் குரலை அமுக்கிக்கொண்டு வந்தது. கோயிலில் நாலு வரிசைக்காவது கேட்டிருக்கும். என் அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எண்ணத் தெரியாதாடி ஒனக்கு? இதோட மூணு."

பிறகு பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டாள்.